இணையவெளியில் தன்னை உரைத்தல்: பாயிர மரபும் இராமநாதபுரக் கடற்கரை உயர்நிலைப்பள்ளி மாணவரும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர் சமூக ஊடகக் கணக்கைத் தொடங்கும்போது தம்மைப் பற்றிச் சில சொற்களேனும் எழுத வேண்டியவராகிறார். அச்சொற்கள் மெய்யாகவும் அவருக்குத் தீங்கு விளைக்காதனவாகவும் அமைய ஆசிரியர் எவ்வாறு துணைசெய்யலாம் என்னும் வினாவை இக்கட்டுரை இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைப் பகுதியை முன்வைத்து ஆராய்கிறது. நன்னூற் பாயிர விதிகள், சங்கப் புலவர் பெயரமைப்பு, அகத்திணையின் பெயர் சுட்டா நெறி ஆகிய மூன்றும் இன்றைய தன்விவரக் குறிப்பை அணுகுவதற்குரிய கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. மெய்ம்மையாகத் தன்னை உரைப்பதும் தன்னைப் பற்றிய அனைத்தையும் வெளியிடுவதும் வேறு வேறு என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பாயிரம், தற்புகழ்ச்சி, தன்விவரக் குறிப்பு, அகம், புறம், சமூக ஊடகம், கடற்கரைச் சமூகம், இராமநாதபுரம்.

முன்னுரை

இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்முன் சில வெற்றிடங்கள் வைக்கப்படுகின்றன. பெயர் ஒன்று, படம் ஒன்று, தன்னைப் பற்றி ஓரிரு வரிகள். இவற்றை நிரப்பச் சில நிமிடங்களே ஆகின்றன. எனினும் அந்த நிமிடங்களில் மாணவர் எடுக்கும் முடிவுகள் சிறியன அல்ல. எந்தப் பெயரால் அறியப்படுவது, எந்த ஊரினர் எனச் சொல்வது, தந்தையின் தொழிலைக் காட்டுவதா மறைப்பதா, எம்மொழியில் பேசுவது என்பன அனைத்தும் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. இம்முடிவுகளைப் பெரும்பாலும் அவர் தனித்தே எடுக்கிறார். ஆசிரியரோ பெற்றோரோ உடனிருப்பதில்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் படிவம் நிரப்பும் பயிற்சி இடம்பெறுகிறது. நூலக உறுப்பினர் படிவம், மேல்நிலை வகுப்புச் சேர்க்கைப் படிவம் போன்றவற்றை மாணவர் பிழையின்றி நிரப்பக் கற்கின்றனர். ஆயினும் படிவம் கேட்பது பெயர், பிறந்த நாள், முகவரி முதலிய செய்திகளையே. ‘நீ யார்?’ என்று அது கேட்பதில்லை. சமூக ஊடகமோ அந்த வினாவைத்தான் கேட்கிறது. படிவத்திற்கும் தன்னுரைக்கும் இடையிலுள்ள இவ்வெளியைத் தமிழ் வகுப்பே நிரப்ப இயலும் என்பது இக்கட்டுரையின் துணிபு. கணினி வகுப்பு கடவுச்சொல்லைக் காக்கக் கற்பிக்கும். சொல்லைத் தேர்ந்தெடுக்கக் கற்பிப்பது மொழியாசிரியரின் பணி.

பிறர் தீட்டிய கடற்கரை

இராமநாதபுரக் கடற்கரை மாணவரின் நிலை ஏனைய ஊர் மாணவரின் நிலையிலிருந்து ஒருவகையில் வேறுபடுகிறது. அவர் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதற்கு முன்பே அவரது ஊரைப் பற்றி இணையத்தில் ஏராளமான சொற்களும் படங்களும் நிறைந்துள்ளன. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த சுவர்கள் சுற்றுலாப் பயணியரின் குறும்படங்களுக்குப் பின்னணியாகின்றன. பாம்பன் பாலத்தின்மேல் நின்று எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கில்லை. இலங்கைக் கடற்படையால் மீனவர் கைதாகும் ஒவ்வொரு முறையும் கரையில் அழும் குடும்பத்தினரின் முகங்கள் செய்தியாகின்றன. புனிதத் தலம், புயல் அழித்த ஊர், கைதாகும் மீனவர் என்னும் மூன்று சித்திரங்களுக்குள் இக்கடற்கரை அடைக்கப்பட்டுள்ளது. இவை பொய்யானவை அல்ல. ஆனால் இவற்றுள் எதையும் அங்கு வாழும் பதினான்கு வயதுச் சிறுமி எழுதவில்லை.

இதன் விளைவு இருவகையில் வெளிப்படுகிறது. ஒன்று, மாணவர் பிறர் தந்த சித்திரத்தையே தம்முடையதாக ஏற்றுக்கொள்ளுதல். மற்றொன்று, அதினின்று முற்றிலும் விலகி ஊரற்ற, தொழிலற்ற, நிறம் மாற்றப்பட்ட ஒரு முகத்தைப் புனைந்துகொள்ளுதல். தோல் நிறத்தை வெளுப்பாக்கும் படவடிகட்டிகள், திரைப்பட நாயகரின் படங்கள், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆங்கிலத் தொடர்கள் ஆகியன இரண்டாம் வகைக்குச் சான்றுகள். அப்துல் கலாம் சொன்னதாக உலவும் பொன்மொழிகளுள் அவர் சொல்லாதனவும் பல கலந்துள்ளன. அவர் பிறந்த ஊரின் மாணவரே அவற்றை வாட்ஸ்அப் நிலைத்தகவலாக இடுவதில் ஒரு முரண் உண்டு.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1956இல் வெளியிட்ட, அன்றாட வாழ்வில் தன்னை முன்வைத்தல் பற்றிய நூலில் மனிதர் முன்மேடை, பின்மேடை என இரு தளங்களில் இயங்குவதாக விளக்கினார். அவையினர் யார் என்பதை அறிந்தே மனிதர் தம் நடத்தையை அமைத்துக்கொள்கின்றனர். இணையத்தில் இவ்வவையினர் கலந்துவிடுவதை டேனா பாய்டு முதலிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். நண்பனுக்கென எழுதியதைச் சித்தப்பாவும், தலைமையாசிரியரும், முன்பின் அறியாதவரும் ஒருசேரப் படிக்கின்றனர். பாய்டு 2014இல் வெளியிட்ட நூல் அமெரிக்க இளையோரைப் பற்றியது. பல வீடுகளில் ஒரே கைபேசியைக் குடும்பத்தினர் அனைவரும் பயன்படுத்தும் கடற்கரைச் சூழலில் இக்கலப்பு இன்னும் கூடுதலாகிறது. மகளின் கணக்கு தந்தையின் கைபேசி எண்ணில் தொடங்கப்பட்டிருக்கும். தம்பியும் அதைத் திறப்பான்.

நன்னூல் கூறும் தன்னுரை

அவையறிந்து தன்னை உரைப்பது பற்றித் தமிழிலக்கண மரபு நெடுங்காலத்திற்கு முன்பே சிந்தித்துள்ளது. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி இதற்குச் சிறந்த சான்று. பாயிரம் நூலுக்கு முகம் போன்றது. சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய செய்திகளாக ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு வகுக்கப்பட்டுள்ளன. யார், எவ்விடத்தார், எதைப் பற்றி, யாருக்காக, எப்பயன் கருதி என்னும் வினாக்களுக்கு இவை விடையளிக்கின்றன. இன்றைய தன்விவரக் குறிப்புக்கும் இவ்வினாக்களே அடிப்படை. குறிப்பாகக் ‘கேட்போர்’ என்னும் கூறு மாணவரிடம் அறவே இல்லாத ஒன்று. தம் பக்கத்தைப் படிப்பவர் யார் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதைவிடக் கூர்மையானது தற்புகழ்ச்சி பற்றிய நன்னூலின் கருத்து. ஒருவர் அரிய நூல்களைப் படைத்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகுதியன்று என்று அது விதிக்கிறது. அதனாலேயே சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் எழுதாமல் அவருடைய ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணவரோ, தகுதிவாய்ந்த உரைகாரரோ இயற்ற வேண்டும் என்கிறது. ஆனால் விதியை அத்துடன் நிறுத்தவில்லை. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதவரிடையேயும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தம்மைப் பழித்த காலத்தும் புலவர் தம்மைப் புகழ்ந்துரைத்தல் தகும் என நான்கு விலக்குகளைத் தருகிறது.

இந்நான்கும் இன்றைய மாணவர் வாழ்வில் அப்படியே நிகழ்கின்றன. கல்வி உதவித்தொகைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் விண்ணப்பிப்பது அரசவைக்கு ஓலை விடுப்பது. ஊர் பேர் அறியாத ஒருவர் கணக்கைத் திறந்து பார்ப்பது ஆற்றல் உணராதாரிடை நிற்பது. பேச்சுப் போட்டியும் அறிவியல் கண்காட்சியும் அவை. பெயரைக் கெடுக்கும் பதிவுக்கு விடையிறுப்பது நான்காவது. தம் திறனைக் கூறுவது ‘பெருமையடிப்பு’ ஆகிவிடுமோ என்ற கூச்சம் சிற்றூர் மாணவரிடம், அவருள்ளும் மாணவியரிடம், மிகுதியும் காணப்படும் ஒன்று. அவர்களுக்குத் தன்னம்பிக்கை உரை நிகழ்த்துவதைக் காட்டிலும் நன்னூலின் இந்த இரு நூற்பாக்களைப் பொருள் விளக்கிக் காட்டுவது பயனுடையது. எங்கே அடங்க வேண்டும், எங்கே சொல்ல வேண்டும் என்னும் தெளிவை மரபே தருகிறது. மாணவர் அதை அயலான அறிவுரையாகக் கொள்ள மாட்டார்.

பெயரும் ஊரும் தொழிலும்

சாயல்குடியை அடுத்த மூக்கையூரிலிருந்து மீனவர் ஒருவர் நடத்தும் யூடியூப் அலைவரிசை ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ என்னும் பெயருடையது. தூத்துக்குடியிலிருந்து இயங்கும் மற்றொன்று ‘தூத்துக்குடி மீனவன்’. கடலில் வலை விரிப்பது, பிடிபட்ட மீனை இனங்காட்டுவது, படகிலேயே சமைப்பது போன்றவை இவற்றின் பொருள். இவ்விரு பெயர்களின் அமைப்பு கவனத்திற்குரியது. ஊரும் தொழிலும் சேர்ந்து பெயராகின்றன. ஆளின் இயற்பெயர் பின்னுக்குச் செல்கிறது.

இவ்வமைப்பு புதியதன்று. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் எனச் சங்கப் புலவர் பலர் ஊராலும் தொழிலாலும் அறியப்படுகின்றனர். கூலம் விற்பதும் துணி விற்பதும் பொன் உருக்குவதும் புலமைக்கு இழுக்காகக் கருதப்படவில்லை; பெயரிலேயே அவை நின்றன. இன்னொரு வகைப் பெயரும் உண்டு. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர் முதலியோர் தம் பாடலில் அமைந்த உவமையாலோ தொடராலோ பெயர் பெற்றவர்கள். இயற்பெயர் தெரியாமற்போன நிலையில் அவர்கள் செய்த செயலே பெயராயிற்று. புனைபெயரில் கணக்குத் தொடங்க விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைப்பது அரிது. புனைபெயர் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தான் செய்யும் ஒன்றிலிருந்து அது பிறக்கலாம்.

எடுத்துக்காட்டுக்கென இங்கு அமைத்துக்கொள்ளப்பட்ட இரு குறிப்புகளை ஒப்பிடலாம். ‘கனவுகளின் இளவரசி, அமைதியை விரும்புபவள், கெத்து’ என்பது முதலாவது. ‘பாசி எடுப்பவரின் மகள். மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப் பாசிக்கும் வேறுபாடு தெரியும். கடற்புற்கள் பற்றிப் படிக்க ஆசை’ என்பது இரண்டாவது. முதலாவதை எவரும் எழுதலாம், எவரும் எழுதுகின்றனர். இரண்டாவதில் ஓர் ஆள் இருக்கிறார். மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி சேகரிக்கும் பெண்களின் தொழில் நெடுங்காலம் பெயரற்றதாகவே இருந்தது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது வழங்கப்பட்டபோது அத்தொழில் உலக அளவில் பெயர் பெற்றது. தாயின் தொழில் என்னும் கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என எழுதப் பழகிய மாணவி இச்செய்தியை அறிவது நன்று.

மொழி பற்றியும் இங்கே கூற வேண்டும். பாம்பனில் 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’ 90.4 சமூக வானொலி மீனவருக்கென்றே அமைந்தது. காற்றும் கடலும் பற்றிய செய்தி அவ்வூரார் பேசும் தமிழிலேயே அவ்வூராரைச் சென்றடைகிறது. வாடை, கச்சான், சோளகம் என்னும் காற்றுப் பெயர்களுக்கு அங்கு விளக்கம் தேவையில்லை. வானொலியில் முகம் இல்லை. குரலும் சொல்லும் மட்டுமே ஆளைக் காட்டுகின்றன. வத்தை, வல்லம், நாட்டுப்படகு, விசைப்படகு என்னும் வேறுபாட்டை அறிந்த மாணவர், தம் பக்கத்தில் ‘போட்’ என்ற ஒரே சொல்லால் அனைத்தையும் குறிப்பது ஓர் இழப்பு. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கத்தைக் கடிந்துகொள்வதால் பயன் விளைவதில்லை. அச்சொற்களைத் தெரிந்தவர் என்பதே ஒரு தகுதி என உணர்த்தினால் எழுத்து தானே மாறும்.

அகத்திணை நெறியும் மறைத்தலின் மெய்ம்மையும்

மெய்யாக இருத்தல் எனில் அனைத்தையும் கூறிவிடுதல் என்னும் எண்ணம் இளையோரிடம் வலுவாக உள்ளது. அதை ஊடக நிறுவனங்களும் வளர்க்கின்றன. பகிரப் பகிர அவற்றுக்கு வருவாய். தமிழ் மரபு இவ்வெண்ணத்திற்கு இடமளிப்பதில்லை. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. பெயர் சுட்டாமையால் அகப்பாடல்களின் உணர்வு பொய்யாகிவிடவில்லை. பெயர் மறைந்ததாலேயே அவ்வுணர்வு அங்கு வெளிப்பட இடம் கிடைத்தது. பெயரும் வெற்றியும் கொடையும் கூறப்படுவது புறத்தில். உலகறியக் கூறத்தக்கதையும் கூறத்தகாததையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தை வகுத்த இந்நெறி, கணக்கு ஒன்றைப் பொதுவாக்குவதா தனியாக்குவதா எனத் தயங்கும் மாணவருக்கு நேரே பயன்படுவது.

இதன் நுட்பத்தை நெடுநல்வாடை பற்றிய உரைமரபு காட்டுகிறது. அப்பாட்டில் தலைவனின் இயற்பெயர் இல்லை. பிரிந்த தலைவியின் துயரம் அதில் பேசப்படுகிறது. ஆயினும் வேலில் வேப்பந்தழை கட்டப்பட்டிருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. ஆதலால் தலைவன் இன்னான் என வெளிப்பட்டுவிட்டது என்றும், பாட்டு புறமாயிற்று என்றும் நச்சினார்க்கினியர் கொண்டார். பெயர் சொல்லாமலே ஒரு தழை ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இணையப் படங்களில் இத்தகைய தழைகள் பல. மாணவி தம் பெயரையும் பள்ளியையும் எழுதாமல் விடலாம். சீருடையின் சட்டைப்பையில் பள்ளி முத்திரை இருக்கும். பின்னணியில் தந்தையின் விசைப்படகும் அதன் பதிவெண்ணும் தெரியும். அந்த எண்ணிலிருந்து உரிமையாளரையும், அவரிலிருந்து வீட்டையும் அறிதல் எளிது. தெருமுனைத் தேவாலயமோ பள்ளிவாசலோ கோயில் மதிலோ தெருவையே காட்டிவிடும். படத்தை வெளியிடுமுன் ‘இதில் வேப்பந்தழை எது?’ எனக் கேட்கும் பயிற்சி, பாதுகாப்பு விதிகளை நீளமாக ஒப்புவிக்கும் கூட்டங்களைக் காட்டிலும் மனத்தில் நிற்கும். பாடத்தையும் அது மறக்கவிடாது என்பது கூடுதல் ஆதாயம்.

சட்டமும் இவ்விடத்தில் துணைநிற்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுவழித் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகக் கொள்கிறது. அவர்தம் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும் விதிக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. மாணவரின் பெயரிலோ படத்திலோ பிறர் போலிக் கணக்குத் தொடங்கினால் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி நடவடிக்கை உண்டு. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தையும் நாடலாம். பெற்றோர் ஒப்புதல் என்பது கடலுக்குச் சென்ற தந்தையும் பாசிக்குச் சென்ற தாயும் உள்ள வீட்டில் எவ்வாறு மெய்யான ஒப்புதலாகும் என்னும் வினா எஞ்சுகிறது. கைபேசியில் வரும் குறியெண்ணை மகளே படித்து மகளே அழுத்துவாள்.

பெயரின் பின்னொட்டு

இம்மாவட்டத்தில் தன்விவரக் குறிப்பு பற்றிப் பேசும் எவரும் சாதியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. 1957ஆம் ஆண்டின் முதுகுளத்தூர்க் கலவரமும் 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடும் இம்மண்ணின் வரலாறு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயரின் பின்னுள்ள சாதிப்பட்டத்தை நீக்கத் தீர்மானித்தது. அதன்பின் தமிழகப் பள்ளி வருகைப் பதிவேட்டில் சாதிப் பின்னொட்டு ஏறத்தாழ மறைந்துவிட்டது. பதிவேட்டில் மறைந்தது இன்று பயனர் பெயரில் மீள்கிறது. சாதித் தலைவரின் படம், சாதிக்கொடியின் நிறங்கள், ‘வாரிசு’, ‘படை’, ‘வம்சம்’ போன்ற ஒட்டுகள் ஆகியன பதினைந்து வயதினரின் கணக்குகளில் காணப்படுகின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் நினைவு நாள்களை ஒட்டி இவை பெருகும்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே சக மாணவரால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் கைகளில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கையிலுள்ள கயிற்றை ஆசிரியர் அவிழ்க்கச் சொல்லலாம். கைபேசியிலுள்ள கயிற்றை எவ்வாறு அவிழ்ப்பது?

‘இதுதான் என் உண்மையான அடையாளம்’ என மாணவர் வாதிடும்போது ஆசிரியர் இடர்ப்படுகிறார். மெய்யாக உன்னை உரை என்று கற்பித்தவரே இதை மறை என்று கூறுவதா? இங்கு நன்னூலின் எட்டுக் கூறுகள் மீண்டும் உதவுகின்றன. அவற்றுள் ஆக்கியோன் பெயர் உண்டு; அவன் செய்ததும் அதன் பயனும் உண்டு. குலம் அந்த எட்டனுள் இல்லை. மேலும், ஒருவர் தாம் செய்யாததையும் தேராததையும் தம் முகமாக வைப்பது தன்னுரை ஆகாது. அது தம்மைப் பற்றிய செய்தியே அன்று. பிறர் ஒருவர்க்கு எதிராக விடுக்கப்படும் குறிப்பு. அதே வேளையில், சாதியால் இழிவுபடுத்தப்பட்ட மாணவர் அந்த இழிவைப் பெயர்சொல்லிப் பேசுவதும், ஆதிக்கத்தைக் காட்டப் பட்டம் இடுவதும் ஒன்றெனக் கொள்ளலாகாது. முன்னது, எதிரி தம்மைப் பழித்த காலத்து உரைப்பது. இவ்வேறுபாட்டை மழுப்பிவிட்டு ‘சாதியைப் பற்றி எவரும் பேசாதீர்’ என ஒரே சுற்றறிக்கையால் முடிப்பது எளிது; நேர்மையன்று.

கலாமின் தன்வரலாறு: தோல்வியும் துணையெழுத்தும்

இராமேசுவரம் மசூதித் தெருவில் 1931 அக்டோபர் 15 அன்று பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப்பள்ளியில் பயின்ற அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ இம்மாணவர் அனைவரும் பெயரளவிலேனும் அறிந்த தன்வரலாறு. இதன் ஆங்கில மூலம் 1999இல் வெளிவந்தது. கனவு காணச் சொன்னவர் என்ற அளவிலேயே அவர் நினைக்கப்படுகிறார். தன்னை உரைக்கும் முறைக்கு அந்நூல் ஒரு பாடம் என்பது போதிய கவனம் பெறவில்லை.

படகு கட்டிய தந்தையையும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தாம் செய்தித்தாள் வழங்கியதையும் அவர் கூச்சமின்றிக் கூறுகிறார். அவற்றைக் கொண்டு இரக்கம் தேடுவதும் இல்லை. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்றபோது 25 பேரில் தாம் ஒன்பதாவதாக வந்ததையும், எண்மர் மட்டுமே தேர்வானதையும் எண்ணோடு கூறுகிறார். 1979 ஆகஸ்டு 10 அன்று எஸ்.எல்.வி.-3 முதல் ஏவுதலில் கடலில் வீழ்ந்ததை 1980 ஜூலை 18 வெற்றிக்குச் சற்றும் குறையாத விரிவுடன் எழுதுகிறார். வெற்றியை மட்டுமே பட்டியலிடும் தன்விவரக் குறிப்பை நம்பாத வாசகரும் ஒன்பதாவது இடத்தை எழுதியவரை நம்புவார்.

இன்னொரு செய்தியும் குறிக்கத்தக்கது. அந்நூலை அவர் அருண் திவாரியுடன் இணைந்தே எழுதினார். பிறர் துணையுடன் எழுதியதால் அது அவருடையதல்லாமற் போகவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் தன்விவரக் குறிப்பு எழுதித்தரும் இந்நாளில் இவ்வெடுத்துக்காட்டு பயனுடையது. துணையெழுத்தாளர் முதலில் கேட்கிறார், கேட்டதை ஒழுங்குபடுத்துகிறார். ஒன்பதாவது இடமும் செய்தித்தாள் கட்டும் சொன்னவரிடமிருந்து வந்தவை. மாணவர் எதுவும் கூறாமலே செயலி எழுதித்தரும் குறிப்பில் ‘ஆர்வமிக்க’, ‘கடின உழைப்பாளி’ போன்ற சொற்களே எஞ்சும். உரைத்தவர் எவரும் அங்கு இல்லை. ஆகவே செயலியைத் தடுப்பதா விடுவதா என்பது முதன்மையான வினா அன்று. அதனிடம் செல்லுமுன் மாணவர் கையில் தமக்கே உரிய மூன்று செய்திகளேனும் இருக்கின்றனவா என்பதே கேட்கத்தக்கது.

வகுப்பறையில்

மேற்கூறியவற்றைச் செயற்படுத்தக் கணினியோ இணையமோ தேவையில்லை. ஒரு தாள் போதும். சிறப்புப் பாயிரத்தை உடன் பயின்றவர் எழுதலாம் என்னும் நன்னூல் விதியே பயிற்சியின் தொடக்கம். ஒவ்வொரு மாணவரும் பக்கத்து இருக்கையினரைப் பற்றி ஐந்து வரி எழுதுவர். பெயரடைகளுக்கு இடமில்லை, அவர் செய்து தாம் கண்டதை மட்டுமே எழுத வேண்டும். ‘நல்லவன்’ என்பது விலக்கப்படும். ‘அறுந்த வலையைப் பிறர் உதவியின்றிப் பின்னுவான்’ என்பது ஏற்கப்படும். எழுதப்பட்டவர் அதைப் படித்து, தாம் வெளியிட ஒப்பாததை அடித்துவிடலாம். அடிக்கும் உரிமைதான் இப்பயிற்சியின் உயிர். தாம் உணராத ஒரு திறனைப் பிறர் கண்டிருப்பதை மாணவர் அறிவதும், பிறர் அறிந்த ஒன்றை உலகறிய வேண்டியதில்லை எனத் தாமே தீர்மானிப்பதும் ஒரே தாளில் நிகழ்கின்றன. அடித்தது ஏன் என்று ஆசிரியர் கேட்கக் கூடாது.

அடுத்து, அதே ஐந்து வரியை மூன்று கேட்போருக்கு மாற்றி எழுதச் செய்யலாம்: வகுப்புத் தோழர், உதவித்தொகை வழங்கும் அலுவலர், முன்பின் அறியாதவர். மூன்றும் வேறுபடும், மூன்றும் மெய்யாகவே இருக்க வேண்டும். இவ்விரண்டாம் பகுதியில்தான் மாணவர் பெரிதும் தடுமாறுவர் என எதிர்பார்க்கலாம். ஆதலால் ஒரு பாடவேளை முழுவதையும் இதற்கு ஒதுக்குவது தகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தந்தையர் பலர் கரையிலிருப்பர். கல்வியாண்டு தொடங்கும் ஜூன் முற்பகுதியில் பெற்றோர் கூட்டத்தை வைத்தால் மாணவர் எழுதியதை அவர்களும் படித்துக் கேட்க வாய்ப்புண்டு. கணக்கைப் பற்றிய ஒப்புதல் குறியெண்ணாக இல்லாமல் உரையாடலாக அமைய அது ஒரு வழி.

மண்டபம் முகாமின் மாணவருக்கு இப்பயிற்சி தனிக் கவனத்துடன் அமைக்கப்பட வேண்டும். ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயர் 2021இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றப்பட்டது. அம்முகாமிலேயே பிறந்து, பாட்டியின் ஊரை நேரில் பார்த்திராத ஒருவருக்கு ‘சொந்த ஊர்’ என்னும் வெற்றிடம் எளிதில் நிரப்பத்தக்கதன்று. மன்னார் என்பதும் மெய். மண்டபம் என்பதும் மெய். வெற்றாக விடுவதும் பொய்யாகாது. குடியுரிமை தீராத நிலையில் இணையத்தில் எழுதும் ஒரு சொல் எவ்விடத்தில் எவ்வாறு படிக்கப்படும் என்பதை அவர் மட்டுமன்றி அவருடைய ஆசிரியரும் முன்கூட்டி எண்ண வேண்டும். அத்தகைய மாணவரிடம் பாயிரத்தின் எட்டுக் கூறுகளுள் எல்லையை விடுத்து, நுதலிய பொருளிலிருந்து தொடங்கச் சொல்லலாம்: எதைச் செய்யத் தெரியும், எதைக் கற்க விருப்பம் என்பதிலிருந்து. ஊர்ப்பெயரை எப்போது சேர்ப்பது என்பதை அவரே பின்னர் முடிவு செய்துகொள்வார்.